ராசிக்கு ஒரு லிங்கம், ராஜாவுக்கு ஒரு கிழமை

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றும் பாதை 14 கிலோமீட்டர். அந்தப் பாதையில் எட்டுத் திசைகளுக்கு எட்டு லிங்கங்கள் உண்டு. கிழக்கே இந்திர லிங்கத்தில் தொடங்கி அக்னி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன் என்று வந்து வடகிழக்கே ஈசான்ய லிங்கத்தில் வரிசை முடிகிறது. மேற்குப் பக்கம், வருண லிங்கத்தைத் தாண்டி வாயு லிங்கம் வருவதற்குள், அடி அண்ணாமலை. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய ஊர் என்று அங்கே அவருக்குக் கோயில் இருக்கிறது. பிரம்மன் வழிபட்டது என்று சொல்லப்படும் ஆதி அண்ணாமலையார் கோயிலும் இருக்கிறது.

எட்டு லிங்கங்களும் திசைக் காவலர்களின் பெயரால் நிற்பவை. இந்திரனும் வருணனும் யாருடைய ராசிக்கும் அதிபதிகள் அல்லர். ஆனாலும் இன்று கிரிவலம் வருகிறவர்களிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. ரிஷபமும் துலாமும் இந்திர லிங்கத்துக்கு, சிம்மம் அக்னிக்கு, விருச்சிகம் எமனுக்கு, மேஷம் நிருதிக்கு, மகரமும் கும்பமும் வருணனுக்கு, கடகம் வாயுவுக்கு, தனுசும் மீனமும் குபேரனுக்கு, மிதுனமும் கன்னியும் ஈசான்யத்துக்கு. ஆன்மிக இதழ்களிலும் கைபேசிச் செய்திகளிலும் இந்தப் பட்டியல் ஆண்டுதோறும் புத்தாண்டுப் பலனோடு சேர்ந்தே வருகிறது. இந்த ராசிக்காரருக்கு இந்த ஆண்டு சுமார், ஆகவே இந்த லிங்கத்தில் விளக்கேற்றுங்கள் என்று.

பட்டியலை யார் எப்போது வகுத்தார்கள் என்பதைவிட, எதை வைத்து வகுத்தார்கள் என்பது சுவாரசியமானது. சோதிட நூல்கள் சொல்லும் திசை அதிபதிகளை வைத்திருக்கலாம் என்றுதான் முதலில் தோன்றும். அந்தக் கணக்கில் கிழக்கு சூரியனுக்கு, தென்கிழக்கு சுக்கிரனுக்கு, வடக்கு புதனுக்கு, வடகிழக்கு குருவுக்கு. பட்டியலோடு ஒத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் பொருந்தவில்லை. சூரியனின் சிம்மம் கிழக்கே இல்லை, குருவின் தனுசும் மீனமும் வடகிழக்கே இல்லை.

சிவன் கோயில்களில் நவக்கிரக மேடை ஒன்று இருக்கிறதே, அதைக் கண்முன் கொண்டுவந்தால் புதிர் அவிழ்கிறது. மேடையில் சூரியன் நடுவில். கிழக்கே சுக்கிரன், தென்கிழக்கே சந்திரன், தெற்கே செவ்வாய், தென்மேற்கே ராகு, மேற்கே சனி, வடமேற்கே கேது, வடக்கே குரு, வடகிழக்கே புதன். இப்போது பாருங்கள். கிழக்கே சுக்கிரனின் ரிஷபம், துலாம். தெற்கே செவ்வாயின் விருச்சிகம். மேற்கே சனியின் மகரம், கும்பம். வடக்கே குருவின் தனுசு, மீனம். வடகிழக்கே புதனின் மிதுனம், கன்னி. ஐந்து திசைகளில் ஒன்பது ராசிகள் பிசகாமல் உட்காருகின்றன. மீதி மேஷம், கடகம், சிம்மம். மீதித் திசைகளும் மூன்றுதான். அவற்றில் இரண்டு ராகு கேதுவுடையவை. அவர்களுக்குச் சொந்த ராசி கிடையாது. ஆகவே செவ்வாயின் இன்னொரு வீடான மேஷம் நிருதிக்குப் போயிருக்கிறது. சந்திரனின் கடகம், சோதிட நூல் அவனுக்குத் தரும் வடமேற்குக்கே போய்விட்டது. மேடையில் நடுவில் நிற்கும் சூரியனுக்கு இங்கே நடு என்பது மலை. அங்கே வைக்க முடியாது. அதனால் அவனுடைய நெருப்பு ராசி அக்னி லிங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. இது என் ஊகம்தான். ஆனால் வகுத்தவர் எவராயினும் நவக்கிரக மேடையை நன்றாக அறிந்தவர், அதையே மலை அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தவர் என்று சொல்லத் தயக்கமில்லை.

நவக்கிரக மேடைக்கும் இந்த ஊருக்கும் வேறொரு உறவும் உண்டு. இடைக்காட்டுச் சித்தரின் ஜீவசமாதி திருவண்ணாமலையில் இருப்பதாகச் சித்தர் மரபு சொல்கிறது. ஆடு மேய்த்த சித்தர் அவர். பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சம் வரப்போகிறது என்று கிரக நிலையிலிருந்து முன்பே அறிந்துகொண்டு, எந்தக் காலத்திலும் வாடாத எருக்கிலையை ஆடுகளுக்குத் தின்னப் பழக்கினார். குருவரகை மண்ணோடு குழைத்துக் குடிசைச் சுவராக எழுப்பினார். பஞ்சம் வந்தது. ஊர் முழுக்க மாண்டுபோன பின்னும் இவரும் ஆடுகளும் மட்டும் பிழைத்திருந்தார்கள். எருக்கிலை தின்ற ஆடுகள் அரிப்பெடுத்துச் சுவரில் உடம்பைத் தேய்க்க, வரகு உதிரும். அதை ஆட்டுப்பாலில் காய்ச்சிக் குடித்தார். இந்த அதிசயத்தைக் காண ஒன்பது கிரகங்களும் இறங்கி வந்தன. பாலும் வரகும் உண்ட களைப்பில் தூங்கிப்போயின. சித்தர் அவற்றை மழை தரும்படியான நிலைகளில் மாற்றிப் படுக்க வைத்துவிட்டார். வானம் இருண்டு மழை கொட்டியது. இன்று கோயில்களில் கிரகங்கள் ஒன்றையொன்று பார்க்காமல் நிற்பதும் அவர் செய்த ஏற்பாடுதான் என்று கதையை முடிப்பவர்களும் உண்டு.

கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது, சித்தர் எதற்காகக் கிரகங்களை நகர்த்தினார் என்பது. வரன் கூடிவர அல்ல, வெளிநாட்டு வேலைக்கு அல்ல. மழைக்காக. பஞ்சம் பன்னிரண்டு ஆண்டு என்பதும் தற்செயல் அல்ல. வியாழன் ராசிச் சக்கரத்தை ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய அவ்வளவு காலம் ஆகும். இறையனார் களவியல் உரையில் பாண்டிய நாட்டைப் பிடித்த பஞ்சமும் பன்னிரண்டு ஆண்டுதான். தமிழ்க் கதைகளில் பஞ்சத்துக்கு அதுவே வாய்பாடு.

இடைக்காடரின் பெயரில் இன்னொன்றும் வழங்குகிறது: அறுபது வருட வெண்பா. பிரபவ முதல் அட்சய வரை ஆண்டுக்கு ஒன்று. தமிழ்ப் பஞ்சாங்கத்தைப் பிரித்தால் முன்பக்கங்களில் அந்தந்த ஆண்டுக்கான வெண்பா அச்சாகியிருக்கும். புத்தாண்டு அன்று கோயில்களில் பஞ்சாங்கம் படிக்கும்போது அதைத்தான் முதலில் வாசிப்பார்கள். மொழிநடையைப் பார்த்தால் அதே பெயருள்ள சங்கப் புலவர் இடைக்காடர் எழுதியிருக்க வாய்ப்பே இல்லை. பிற்காலத்தார் பெரிய பெயர் ஒன்றின்மேல் ஏற்றிவைத்த பாடல்கள். அது இருக்கட்டும். அந்த வெண்பாக்கள் எதைப் பற்றிப் பேசுகின்றன? மழை உண்டா, விளைச்சல் எப்படி, கால்நடை தேறுமா, அரசர்களுக்குள் சண்டை வருமா, கள்வர் பயம் உண்டா. மேஷக்காரருக்கு இப்படி, மீனக்காரருக்கு அப்படி என்று ஒரு சொல் கிடையாது. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதையும் அதே வழிதான். வியாழனின் சஞ்சாரத்தையும் அறுபது ஆண்டுகளையும் வைத்து அது சொல்லும் பலன்கள் நாட்டுக்கும் பயிருக்கும் உரியவை.

பஞ்சாங்கத்தின் நவநாயகர் பகுதியும் இப்படித்தான். ஒவ்வோர் ஆண்டுக்கும் கிரகங்களுக்குள் ஒரு மந்திரிசபை அமைக்கிறார்கள்: ராஜா, மந்திரி, சேனாதிபதி, அர்க்காதிபதி, மேகாதிபதி, சஸ்யாதிபதி, தான்யாதிபதி, ரசாதிபதி, நீரசாதிபதி. விலைவாசிக்கு ஒருவர், மேகத்துக்கு ஒருவர், நிற்கும் பயிருக்கு ஒருவர், களஞ்சியத் தானியத்துக்கு ஒருவர். எத்தனை மரக்கால் மழை என்றுகூடக் கணக்கு வரும். நியமனத்துக்கு அடிப்படை பெரும்பாலும் கிழமைதான். சாந்திரமானச் சைத்திர மாத வளர்பிறைப் பிரதமை, அதாவது யுகாதி, எந்தக் கிழமையில் வருகிறதோ அந்தக் கிழமைக்குரிய கிரகம் அந்த ஆண்டின் ராஜா. 2024இல் யுகாதி ஏப்ரல் 9, செவ்வாய்க்கிழமை. குரோதி ஆண்டுக்கு ராஜா செவ்வாய். 2025இல் மார்ச் 30, ஞாயிறு. விசுவாவசுவுக்கு ராஜா சூரியன்.

நாட்டுக்குச் சொன்ன பலன் தனி ஆளுக்கு எப்படி இறங்கியது? இறங்கிய படிக்கட்டு பஞ்சாங்கத்துக்குள்ளேயே இருக்கிறது. அதன் பெயர் ஆதாய விரயம்.

ஒவ்வொரு ராசிக்கும் இரண்டு எண்கள்: இந்த ஆண்டு வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு. தமிழ்ப் பஞ்சாங்கத்திலும் தெலுங்குப் பஞ்சாங்கத்திலும் இந்த அட்டவணை உண்டு. ஆந்திரம், தெலங்கானாவிலிருந்து பௌர்ணமிக்கு அண்ணாமலை வரும் கூட்டம் இன்று மிகப் பெரியது. அவர்கள் யுகாதி அன்று முதலில் தேடிப் பார்ப்பது இந்த எண்களைத்தான். 2024–25ஆம் ஆண்டுக்குத் தெலுங்குப் பஞ்சாங்கங்கள் அச்சிட்டது: மேஷத்துக்கு வரவு 8, செலவு 14. ரிஷபத்துக்கு 2, 8. மிதுனத்துக்கு 5, 5. கடகத்துக்கு 14, 2. சிம்மத்துக்கு 2, 14. கடக ராசிக்காரர்கள் அந்த ஆண்டு நெஞ்சை நிமிர்த்தி நடந்திருப்பார்கள்.

இந்த எண்கள் வருவதற்கு ஒரு வாய்பாடு உண்டு. ராசி அதிபதியின் தசை ஆண்டுகளையும் அந்த ஆண்டு ராஜாவின் தசை ஆண்டுகளையும் கூட்டு. மூன்றால் பெருக்கி ஐந்தைச் சேர். பதினைந்தால் வகு. மீதி வரவு. ஈவை எடுத்து மறுபடி மூன்றால் பெருக்கி ஐந்து சேர்த்துப் பதினைந்தால் வகுத்தால் வரும் மீதி செலவு. நம் சோதிடர்கள் ஜாதகம் கணிக்கப் பயன்படுத்துவது 120 ஆண்டு விம்சோத்தரி தசை. அதை இங்கே போட்டால் கணக்கு ஒத்துவரவில்லை. அதிகம் புழங்காத 108 ஆண்டு அஷ்டோத்தரி தசையைப் போட்டேன்: சூரியன் 6, சந்திரன் 15, செவ்வாய் 8, புதன் 17, சனி 10, குரு 19, சுக்கிரன் 21. மேஷத்தின் அதிபதி செவ்வாய், ராஜாவும் செவ்வாய்; 8 + 8 = 16; மூன்றால் பெருக்கினால் 48; ஐந்து சேர்த்தால் 53. பதினைந்தால் வகுக்க ஈவு 3, மீதி 8. ஈவிலிருந்து வருவது 14. வரவு 8, செலவு 14. பன்னிரண்டு ராசிக்கும் போட்டுப் பார்த்தால் அச்சிட்ட அட்டவணை அப்படியே வந்துவிடுகிறது.

வாய்பாடு கைக்கு வந்துவிட்டால் அதன் எல்லைகளும் தெரிந்துவிடும். மூன்றின் மடங்கோடு ஐந்தைச் சேர்த்துப் பதினைந்தால் வகுத்தால் மீதியாக 2, 5, 8, 11, 14 ஆகிய ஐந்து எண்கள் மட்டுமே வர முடியும். உலகத்தில் எவருக்கும் எந்த ஆண்டும் வரவு 9 ஆகாது, 0 ஆகவும் ஆகாது. பட்டியலை யாரோ இரக்கத்தோடு அமைத்திருக்கிறார்கள் போலும். ஒரே அதிபதியைக் கொண்ட இரண்டு ராசிகளுக்கு வரவும் செலவும் என்றைக்கும் ஒன்றே: மேஷமும் விருச்சிகமும் இரட்டையர், தனுசும் மீனமும் இரட்டையர். சந்திரனின் 15ஐயும் சனியின் 10ஐயும் ஐந்தால் வகுத்தால் மீதி சமம். ஆகவே கடகக்காரரின் வரவும் மகர, கும்பக்காரரின் வரவும் எந்த ஆண்டிலும் சமமாகவே இருக்கும், செலவில்தான் வேறுபாடு. சூரியனும் சுக்கிரனும் அப்படியே. சிம்மம், ரிஷபம், துலாம் மூன்றுக்கும் வரவு ஒன்றே. எல்லாவற்றுக்கும் மேலாக, மாறக்கூடியது ராஜா ஒருவர்தான், ராஜாவைத் தீர்மானிப்பது கிழமை, கிழமைகள் ஏழு. எத்தனை நூற்றாண்டு பஞ்சாங்கம் அச்சிட்டாலும் ஆதாய விரய அட்டவணை ஏழே ஏழுதான். ஒரு செவ்வாய்க்கிழமை யுகாதியின் பட்டியல் அடுத்த செவ்வாய்க்கிழமை யுகாதிக்கு ஒரு எழுத்தும் மாறாமல் திரும்பி வரும்.

இதில் வானம் எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. அந்த ஆண்டு குரு எந்த ராசியில், சனி எந்த ராசியில் என்பது இந்தக் கணக்குக்குள் நுழையவே இல்லை. யுகாதியின் கிழமை மட்டும்தான் உள்ளே வருகிறது. நாட்டின் ராஜாவுக்கென்று வகுத்த கிழமையை எடுத்து, குடிமக்களைப் பன்னிரண்டு வீட்டுக்காரர்களாகப் பிரித்து, ஒவ்வொரு வீட்டுக்கும் வரவு செலவு எழுதிவைத்த ஏற்பாடு இது. இதற்குப் பக்கத்திலேயே நட்சத்திரவாரியாக அச்சாகும் இன்னொரு பலனுக்குக் கந்தாயப் பலன் என்று பெயர். ஆண்டை மூன்று தவணையாகப் பிரித்து எண் கொடுப்பார்கள். கந்தாயம் நிலவரித் தவணையைக் குறிக்கும் பழைய வருவாய்த்துறைச் சொல். கணக்குப்பிள்ளையின் பேரேடும் சோதிடரின் சுவடியும் ஒரே திண்ணையில் இருந்த காலத்தின் தடம் என்று இதை நான் வாசிக்கிறேன்.

வியாழனுக்கு வருவோம். வானத்தை உண்மையில் பார்த்துச் சொல்லும் ஆண்டுப் பலன் நம்மிடம் ஒன்று உண்டு என்றால் அது குருப்பெயர்ச்சிப் பலன். வியாழன் ஒரு ராசியில் ஏறக்குறைய ஓராண்டு தங்குகிறது; ஆகவே அது நகரும் நாளே சோதிட ஆண்டின் திருப்பம். இதே வியாழனைத்தான் சீனர்களும் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுடைய பழைய வானநூலில் வியாழனின் பெயரே ஆண்டு விண்மீன். அதன் பாதையைப் பன்னிரண்டாகப் பகுத்த கிளைகளோடுதான் எலி, எருது, புலி, முயல் என்னும் பன்னிரண்டு விலங்குகள் பின்னால் சேர்ந்தன. பத்துத் தண்டுகளையும் பன்னிரண்டு கிளைகளையும் இணைத்து அவர்களும் அறுபது ஆண்டுச் சுழற்சி வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய நடப்புச் சுழற்சி 1984இல் தொடங்கியது. நம் பிரபவ 1987இல்.

இரண்டும் சந்திக்கும் ஓர் இடம் என்னை வெகுவாக ஈர்த்தது. சீன மரபில் ஒருவர் பிறந்த விலங்கின் ஆண்டு திரும்ப வரும்போது, அதாவது 12, 24, 36 வயதுகளையொட்டி, அது அவருக்குக் கெட்ட ஆண்டு. தைசுய் என்னும் ஆண்டுத் தெய்வத்தின் கோபத்துக்கு அவர் ஆளாகிறார். தைசுய், வியாழனுக்கு எதிர்த்திசையில் சுழல்வதாகக் கற்பித்த நிழல் வியாழன். சிங்கப்பூரிலும் பினாங்கிலும் சீனப் புத்தாண்டையொட்டிக் கோயில்களில் பெயர் கொடுத்து அந்தத் தெய்வத்தைச் சாந்தப்படுத்துவார்கள். நம்மிடமும் குரு பிறந்த ராசிக்கு வந்தால் ஜென்ம குரு. ஆகாது என்பார்கள், ராமன் காட்டுக்குப் போனதே அப்போதுதான் என்று சான்றும் காட்டுவார்கள். நல்ல கிரகம் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒன்று தன் வீட்டு வாசலுக்கே வந்தால் கெடுதல் என்று இரண்டு பெரிய நாகரிகங்களும் நினைத்திருக்கின்றன.

ஆனால் ஒரு பெரிய வேற்றுமை. சீனருடைய குறி பிறந்த ஆண்டிலிருந்து வருகிறது. நம்முடைய ராசி பிறந்த நேரத்துச் சந்திரனிலிருந்து. சந்திரன் இரண்டேகால் நாளுக்கு ஒரு ராசி மாறும். தைபேயில் ஒரு வகுப்பறைப் பிள்ளைகளுக்குள் ஒன்றிரண்டு விலங்குகள்தான். திருவண்ணாமலையில் ஒரு வகுப்பறைக்குள் பன்னிரண்டு ராசியும் இருக்கும். இதனால் அங்கே ஆண்டுப் பலன் மக்கள்தொகையையே அசைக்கிறது. அதே சுழற்சியை எடுத்துக்கொண்ட ஜப்பானில் 1966 நெருப்புக் குதிரை ஆண்டு. அந்த ஆண்டில் பிறக்கும் பெண் கணவனை விழுங்குவாள் என்று ஒரு நம்பிக்கை. 1965இல் அந்நாட்டில் பிறந்த குழந்தைகள் சுமார் 18.2 லட்சம், 1966இல் 13.6 லட்சம், 1967இல் மறுபடி 19 லட்சத்தைத் தாண்டியது. சந்திரனை நம்பும் நம்மிடம் இப்படி ஒரு பள்ளம் விழ வழியில்லை. ஓராண்டை ஒதுக்கி என்ன பயன்? நம் பயமெல்லாம் மாதத்தின் மேல்தான்: சித்திரையில் பிள்ளை பிறக்கக்கூடாது என்று ஆடியில் புதுமணத் தம்பதியைப் பிரித்துவைப்பதோடு சரி.

வியாழனின் உண்மையான சுற்று 11.86 ஆண்டு; பன்னிரண்டு அல்ல. அந்தச் சிறு குறைவு சேர்ந்து சேர்ந்து 85 ஆண்டுக்கு ஒரு ராசி அளவு முன்னே போய்விடும். வடநாட்டார் அதற்காக இடையிடையே ஓர் ஆண்டின் பெயரையே விட்டுவிடுவார்கள். தென்னாட்டாராகிய நாமோ பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து விடுவதை நிறுத்திவிட்டோம். விளைவு, இன்று இரு பக்கத்துப் பெயர்களுக்கும் இடையே பதின்மூன்று ஆண்டு வித்தியாசம். நமக்குக் குரோதி நடந்தபோது வடக்கே பிங்களத்தையொட்டி ஓடிக்கொண்டிருந்தது. அறுபது வெண்பாவும் இப்போது வியாழனோடு தொடர்பறுந்த வெறும் பெயர்களின் மேல்தான் நிற்கின்றன.

வானத்தைப் பார்த்துச் சொல்லும் பலனிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. எந்த வானம் என்பதுதான் கேள்வி. தமிழகக் கோயில்களில் பலவும் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுகின்றன. சந்திரனுக்கென்று 248 வாக்கியங்களை மனப்பாடம் செய்து, சோழிகளைத் தரையில் வைத்துக் கணக்கிட்ட மரபு அது. 1825இல் சென்னையில் வெளியான காலசங்கலிதை என்னும் நூலில் ஜான் வாரன், புதுச்சேரியில் தாம் கண்ட ஒரு தமிழ்க் கணக்கர் சோழியை மட்டும் வைத்துச் சந்திர கிரகணத்தைக் கணித்ததைப் பதிவு செய்திருக்கிறார். தொடக்க நேரத்தில் பிழை நான்கு நிமிடம்தான், நடுவும் முடிவும் அதைவிட விலகின. மெச்சத்தக்க கணக்கு. ஆனால் சனி, வியாழன் போன்ற மெதுவான கிரகங்களில் பழைய வாக்கியத்தின் பிழை நாள்களாக, மாதங்களாகப் பெருகிவிட்டது. தொலைநோக்கிக்கு ஒத்துவரும்படி திருத்தியது திருக்கணிதம். மேகநாத் சாஹா தலைமையில் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவின் பரிந்துரைப்படி 1957 மார்ச் 22 முதல் அரசு வெளியிடும் ராஷ்ட்ரிய பஞ்சாங்கமும் திருந்திய கணக்கைச் சேர்ந்ததே.

2025இல் குரு மிதுனத்துக்குப் போனது வாக்கியப்படி மே 11, திருக்கணிதப்படி மே 14. மூன்று நாள் வேறுபாட்டை யாரும் பொருட்படுத்தவில்லை. சனியின் கதை வேறு. திருக்கணிதப்படி சனி மீனத்தில் நுழைந்தது 2025 மார்ச் 29. வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாறு கோயில் சனிப்பெயர்ச்சிக்குக் குறித்த நாள் 2026 மார்ச் 6. இடையில் பதினோரு மாதத்துக்கும் மேல். அந்தப் பதினோரு மாதமும் ஒரு மகர ராசிக்காரருக்குக் கைபேசிச் செயலியின்படி ஏழரைச் சனி முடிந்துவிட்டது. கோயில் பஞ்சாங்கத்தின்படி இன்னும் தோளில் உட்கார்ந்திருந்தது. மேஷத்துக்காரருக்குத் தலைகீழ்: செயலியில் தொடங்கிவிட்டது, கோயிலில் தொடங்கவில்லை. சோதிடர்கள் இதற்கு வைத்திருக்கும் விடை எளியது. பலன் பார்க்கத் திருக்கணிதம், பரிகாரத்துக்கு வாக்கியம் என்கிறார்கள். இதழ்கள் சனிப்பெயர்ச்சி இணைப்பை இரண்டு முறை வெளியிட்டன.